இரண்டு ஓட்டையிலும் எரியும் டெஸ்டர்

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் வயரிங் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த விடுகதை பழக்கமானது. வீட்டில் ஒரு பல்பும் எரியவில்லை, டிவி ஓடவில்லை. டெஸ்டரை எடுத்து பிளக்கின் ஓர் ஓட்டையில் வைத்தால் எரிகிறது. சரி, லைவ் வந்திருக்கிறது. மறு ஓட்டையில் வைத்தால் அங்கேயும் எரிகிறது. கரண்ட் இல்லை என்று கூப்பிட்ட வீட்டில், இருக்கவேண்டிய இடத்திலும் இருக்கிறது, இருக்கக்கூடாத இடத்திலும் இருக்கிறது.

விடை நியூட்ரலில் இருக்கிறது. லைவ் கம்பி வழியாக வரும் மின்னோட்டம் பல்பைக் கடந்து நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகவேண்டும். திரும்பும் வழி எங்கோ அறுந்துவிட்டால் ஓட்டம் நின்றுவிடும், அழுத்தம் நிற்காது. சுவிட்ச் போட்டபடி கிடக்கும் பல்பின் ஊடாக 230 வோல்ட்டும் நியூட்ரல் கம்பிக்கு ஏறி அங்கேயே காத்திருக்கும். டெஸ்டர் காட்டுவது அழுத்தத்தை மட்டும்தான், ஓட்டத்தை அல்ல. எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டாவது ஓட்டை பெரும்பாலும் அடங்கிவிடும். சாதாரண நாளில் கை பட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத நியூட்ரல் கம்பி, இப்போது ஆளை அடிக்கும் கம்பி.

ஓர் அறை மட்டும் இருண்டிருந்தால் அந்த அறையின் வயரில் தேடலாம். வீடு முழுவதும் இருண்டு, இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால், எல்லாக் கம்பிகளும் வந்து கூடும் இடத்துக்குத்தான் போகவேண்டும். அது மெயின் சுவிட்ச், அல்லது அதற்கும் முன்னால். மூடியைக் கழற்றினால் நியூட்ரல் கம்பி ஸ்குரூவின் அடியில் கரிந்து, அதன் மேல்தோல் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகியிருப்பதைக் காணலாம். அந்த இணைப்பு அன்றைக்குத்தான் அறுந்தது. அதற்கு முன்னால் பல வாரம், சிலவேளை பல மாதம், அது யாருக்கும் தெரியாமல் சூடாகிக்கொண்டிருந்தது. அறுந்ததோடு போனால் அந்த வீடு தப்பித்தது. அறுவதற்கு முன் பக்கத்துப் பலகையோ திரைச்சீலையோ பற்றிக்கொண்டால், வரிசையாக ஒட்டிய வீடுகள் கொண்ட லயனே போய்விடும்.

மலையகத்தில் லயன் தீப்பிடித்த செய்தி வராத வருடம் இல்லை. காரணம் என்ற இடத்தில் 'மின் ஒழுக்காக இருக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். எந்த இணைப்பில், எதனால், எத்தனை நாளாக என்பது அதற்குப்பிறகு வெளியே வருவது அரிது. ஆறிப்போன சாம்பலில் அதைத் தேடுவது கடினம்தான். ஆனால் அந்தப் பழுது சாம்பலாவதற்கு முன்னால் நிறைய அடையாளம் காட்டுகிறது. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இந்த மலைகளுக்கு மின்சாரம் புதிது அல்ல. நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுக்க, நானுஓயா வழியில் பிளாக்பூலில் 1912இலேயே ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைந்தது. அதை உருவாக்கிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையிலிருந்து விழுகிற வேகத்தைக் கொண்டே நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று அதில் கணக்குக் காட்டினார். லக்ஷபான நிலையம் இயங்க 1950 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. பிறகு காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்தன. நோர்ட்டன் பிரிட்ஜில் அவர் பெயரிலேயே ஒரு மின்நிலையம் வந்தது. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வந்தது. பல தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகள் தேசிய மின்கம்பி வருவதற்கு முன்பே தங்கள் ஓடைத் தண்ணீரில் சிறு டர்பைன் வைத்து இயந்திரம் ஓட்டின. லயக் காம்பராக்களுக்குள் கரண்ட் வந்தது தொழிற்சாலைகளுக்கு வந்ததற்கு வெகு பின்னால்.

பின்னால் வந்தது என்பதோடு, துண்டு துண்டாகவும் வந்தது. கட்டடத்தோடு சேர்த்துத் திட்டமிட்ட வயரிங் அங்கே இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாக, ஒரே தகரக் கூரையின் கீழ். முதலில் ஒரு பல்பு, பிறகு ஒரு ரேடியோ, டிவி, ரைஸ் குக்கர், கேத்தல். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் ஒரு கம்பி இழுத்தார். மகன் கல்யாணம் முடித்து இஸ்தோப்பை அடைத்து அறையாக்கியபோது இன்னொரு கம்பி. மீட்டர் கிடைக்காத பக்கத்து வீட்டுக்கு முகட்டுக்கு மேலாக இன்னொன்று. இத்தனையும் கடைசியில் போய்ச் சேர்வது ஒரே மெயின் சுவிட்சின் நான்கு ஸ்குரூக்களில்.

அந்த ஸ்குரூவின் அடியில் நடப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

செப்புக் கம்பியை ஸ்குரூ வைத்து இறுக்கினால் இரண்டு உலோகமும் முழுப் பரப்பிலும் ஒட்டிக்கொள்வதாக நினைக்கிறோம். எவ்வளவு மினுமினுப்பான உலோகமும் நுண்ணளவில் மேடுபள்ளம். இரண்டு மேடுகள் முட்டும் சில புள்ளிகளில் மட்டுமே உண்மையான தொடுகை. மின்சாரம் அந்தப் புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துப் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ரக்னர் ஹோம் என்ற இயற்பியலாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். இறுக்கம் கூடினால் புள்ளிகள் நசுங்கி அகலமாகும், தடை குறையும். இறுக்கம் தளர்ந்தால் புள்ளிகளின் எண்ணிக்கையும் அளவும் குறையும், தடை ஏறும்.

தடை ஏறினால் சூடு ஏறும். சூட்டின் அளவு மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் கிடைக்கும். 2,000 வாட் கேத்தல் ஒன்று ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் கால் ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே உண்டாகும் சூடு 19 வாட். கேட்கச் சின்னத் தொகை. இருபது அம்பியர் ஓடினால் அதே இடத்தில் 100 வாட். சோல்டரிங் அயன் ஒன்றின் சூட்டை மிஞ்சிய அது, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு ஸ்குரூத் தலையளவு இடத்தில் குவிகிறது. சாதாரண வீட்டு வயரின் பிவிசி உறை 70 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டது.

இதற்குமேல் அது தன்னைத்தானே வளர்க்கத் தொடங்குகிறது. சூட்டில் செம்பு விரிகிறது, அணைத்ததும் சுருங்குகிறது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்று விரிந்து சுருங்கி ஸ்குரூ இன்னும் கொஞ்சம் தளர்கிறது. சூடான செம்பின் மேல் ஒக்சைட் படலம் கட்டுகிறது. அது நல்ல கடத்தி இல்லை. தடை மேலும் கூடுகிறது. கடைசி நிலையில் செம்பின் ஒக்சைட் உருகி, இணைப்பில் ஒரு செந்நிற ஒளிப்புழு ஊர்வதுபோல் தெரியும். ஆய்வுக்கூடங்களில் இதைப் படம்பிடித்திருக்கிறார்கள். வெப்பநிலை ஆயிரம் பாகைக்கும் மேலே போகும். அதற்குப் பெரிய ஓட்டம் தேவையில்லை, சில அம்பியர் போதும்.

இத்தனை நடந்தும் பிரேக்கர் ஏன் விழவில்லை? தீப்பற்றிய வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான்.

சிறு பிரேக்கருக்குள் இரண்டு காவல் உண்டு. ஒன்று, இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை. அளவுக்கு மேல் ஓட்டம் நீடித்தால் சூட்டில் வளைந்து சுவிட்சை விடுவிக்கும். இன்னொன்று, மின்காந்தச் சுருள். லைவும் நியூட்ரலும் நேரே முட்டிக்கொண்டு ஓட்டம் பல மடங்கு பாய்ந்தால் கண்சிமிட்டும் நேரத்தில் இழுத்து விடுவிக்கும். இரண்டும் அளப்பது ஓட்டத்தை. தளர்ந்த இணைப்பில் ஓட்டம் கூடுவதில்லை. தடை குறுக்கே நிற்பதால் கொஞ்சம் குறையவும் செய்யும். பிரேக்கரின் கணக்கில் வீட்டில் ஒரு கேத்தல் கொதிக்கிறது, அவ்வளவுதான்.

ட்ரிப் சுவிட்சும் அப்படித்தான். மடுவத்தில் நிறுத்த கொழுந்தையும் தொழிற்சாலையில் நிறுத்த கொழுந்தையும் ஒப்பிட்டு, குறைந்தால் வழியில் எங்கோ போயிருக்கிறது என்று கணக்கப்பிள்ளை கண்டுபிடிப்பதுபோல, அது லைவில் போனதையும் நியூட்ரலில் திரும்பியதையும் ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டும்போது விழவேண்டும். ஆளின் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்துக்குப் போகும் கசிவை அது பிடிக்கும். கரியும் ஸ்குரூவில் போனதும் வந்ததும் சமம். ட்ரிப் சுவிட்ச் இருக்கும் வீட்டில் தீப்பிடிக்காது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது ஆளைக் காக்கும் கருவி. மெயின் இணைப்பின் சூட்டிலிருந்து வீட்டைக் காக்க அதனால் முடியாது.

அதற்காக ட்ரிப் சுவிட்சைக் குறைத்து மதிப்பிட்டுவிடக்கூடாது. மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று கம்பியைச் சுற்றிக் கொடுத்து அதை ஓரங்கட்டுவது தோட்டங்களில் மட்டும் அல்ல, டவுன் கடைகளிலும் உள்ள பழக்கம். இதைவிட மோசமான வேலை வயரிங்கில் இல்லை. நம் வீடுகளின் எர்த் வீட்டருகே நிலத்தில் அடித்த கம்பிதான். அதன் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அயன்பெட்டியின் உலோகத்தில் லைவ் பட்டுவிட்டால் நிலத்துக்குப் பாயும் ஓட்டம் 230ஐ 50ஆல் வகுத்த 4.6 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் இதை ஏறெடுத்தும் பார்க்காது. அந்த நேரத்தில் ஆளைக் காப்பாற்றக்கூடியது ட்ரிப் சுவிட்ச் ஒன்றே. மழைக்கு அது விழுகிறது என்றால் கூரையிலோ வெளிப் பல்பிலோ ஈரம் புகுந்த கம்பி இருக்கிறது என்று அது உண்மையைச் சொல்கிறது.

மறுபடி மெயின் சுவிட்சுக்கு. இணைப்பு தளர்வதற்குச் சாதாரணக் காரணங்களோடு மலைநாட்டுக்கென்று சில காரணங்கள் உண்டு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சேர்விஸ் வயர் பெரும்பாலும் அலுமினியம். உள்ளே செம்பு. இரண்டும் நேராகச் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிபடும். அதன் மேல் காற்றுப் பட்டவுடனேயே ஒக்சைட் படிந்துவிடும். அது மின்சாரத்தைக் கடத்தாது. அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல மெல்ல நசுங்கி விலகவும் செய்யும். இறுக்கிய ஸ்குரூ தானாகத் தளர்ந்துபோகும். இதற்கென்று இரு உலோக இணைப்பிகள் இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில் கையால் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி விடுகிறார்கள்.

ஈரத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். தை மாத இரவுகளில் சில இடங்களில் உறைபனியே விழும். குளிர்ந்த கருங்கல் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் விடியற்காலையில் நீர்த்துளி படிகிறது. அடுப்பு பற்றவைத்ததும் விறகுப் புகையின் கரி அந்த ஈரத்தில் ஒட்டுகிறது. ஈரமான கரிப்படலம் லேசாக மின்சாரம் கடத்தும். இரண்டு முனைகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் மேல் அது மெல்லிய கரிக்கோடாகத் தடம் போட்டுக்கொள்ளும். அந்தத் தடம் ஒருநாள் பொறியாகும். இன்னொன்று: சூடான பிவிசி ஹைட்ரஜன் குளோரைட் வாயுவை விடும். ஈரத்தில் அது அமிலம். செம்பு பச்சையாகப் பூத்துப் பொடிந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எலியை மறக்கக்கூடாது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னபோது உலகமே சிரித்தது. லயன் முகட்டில் எலி கடித்த வயரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதப்போவதில்லை. முகட்டு வயர் மெயின் பெட்டிக்குள் நுழையும் துளை பெரிதாக இருந்தால் எலி, பல்லி, எறும்பு எல்லாம் சூட்டைத் தேடி உள்ளே வரும்.

அடுத்தது சுமை. ஐந்து மணிக்கு முன்னால் லயன் விழித்துவிடும். மலைக்குப் போகுமுன் தேநீர், சாப்பாடு, பிள்ளைகளுக்கு வெந்நீர். ஒரே மெயினிலிருந்து நான்கு வீடு கரண்ட் எடுக்கிறது, நான்கிலும் கேத்தல் போட்டாயிற்று என்றால் 35 அம்பியர். அங்கே இருப்பது 32 அம்பியர் பிரேக்கர். விழவேண்டுமே? விழாது. சர்வதேசத் தரத்தின்படி இத்தகைய பிரேக்கர் தன் அளவின் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்கவேண்டும், 1.45 மடங்கை எட்டினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழவேண்டும். 32இன் 1.13 மடங்கு 36. பிரேக்கர் சட்டப்படியே நடந்துகொள்கிறது. நல்ல இணைப்பு அதைத் தாங்கும். அரைகுறை இணைப்பு தினமும் விடியலில் ஒரு சுற்றுச் சுடப்படுகிறது.

இனி அடையாளங்கள். முதலில் மூக்கு. சூடான பிளாஸ்டிக் தரும் ஒருவித மீன் வாடை, அல்லது கருகிய ரப்பர் நெடி, கேத்தல் போடும்போது மட்டும் வந்து பிறகு மறையும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடுப்பில் தேடுவார்கள். அடுத்தது காது. பெட்டிப் பக்கம் பொரிவதுபோல் மெல்லிய சத்தம் வரும். ரேடியோ பக்கத்தில் இருந்தால் கரகரப்பு சேரும். பிறகு கை: மூடிய பெட்டியின் மேல்முகத்தைப் புறங்கையால் தொட்டால் ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பு. பிரேக்கர் வேலைசெய்யும்போது லேசாகச் சூடாவது இயல்பு. ஒரு முனை மட்டும் கையை எடுக்கவைக்கும்படி சுட்டால் அது இயல்பல்ல. கண்ணுக்கு, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பழுப்பு வளையம்.

எல்லாவற்றிலும் நிறையச் செய்தி சொல்வது வெளிச்சம். ஓர் அறையில் மட்டும் பல்பு மினுக்கினால் அந்த அறை. கேத்தல் போட்டதும் வீடு முழுக்க மங்கி, அணைத்ததும் தெளிந்தால் மெயின் அல்லது சேர்விஸ் வயர். காற்றடிக்கும்போது மட்டும் மினுக்கினால் கம்பத்து முனையிலோ கூரை ஓரத்திலோ ஆடும் இணைப்பு. பக்கத்து வீடுகளிலும் அதே நேரத்தில் மங்கினால் பழுது உங்கள் பெட்டியில் இல்லை. கம்பத்துக்கோ டிரான்ஸ்போமருக்கோ போய்விட்டது.

எல்லாவற்றிலும் ஆபத்தான அடையாளம் ஒன்று உண்டு. சில வீடுகளில் பல்பு மங்குகிறது, அதே நேரத்தில் வேறு சில வீடுகளில் பளீரென்று எரிகிறது. இதைக் கண்டதும் எல்லோரும் மெயினை அணைத்துவிடவேண்டும். கம்பத்தில் ஓடும் மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தால் இப்படி நடக்கும். இரண்டு பேஸ்களுக்கு நடுவே உள்ள 400 வோல்ட்டை இரண்டு தொகுதி வீடுகள் தொடராகப் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கு நியாயமாக இருக்காது. ஒரு பக்கம் 2,000 வாட் கேத்தல், மறு பக்கம் 200 வாட்டுக்குப் பல்பும் டிவியும் என்றால் கேத்தலுக்குக் கிடைப்பது 36 வோல்ட், டிவிக்கு 364 வோல்ட். ஒரே இரவில் ஒரு வரிசையில் டிவி, குளிர்சாதனப் பெட்டி, போன் சார்ஜர் எல்லாம் கூட்டமாகப் போனால் இதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். இடி விழுந்ததாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம்.

அடையாளம் கண்டபிறகு அளவு. இது பயிற்சி பெற்ற மின்பணியாளரின் வேலை, வாசகர் செய்யவேண்டியதில்லை. ஆனால் அவர் செய்வது என்னவென்று தெரிந்திருந்தால் செய்கிறாரா என்று பார்க்கலாம். சும்மா கிடக்கும் வீட்டில் மீட்டரை வைத்துப் பார்த்து 230 வருகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறவர் எதையும் பார்க்கவில்லை. ஓட்டம் இல்லாதபோது கெட்ட இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். கேத்தலைப் போட்டுச் சுமை கொடுத்துத்தான் அளக்கவேண்டும்.

இலங்கையில் 230 வோல்ட்டில் நூற்றுக்கு 6 கூடக்குறைய அனுமதி உண்டு. அதாவது 216 முதல் 244 வரை. சுமை போட்டதும் மெயின் சுவிட்சுக்கு வரும் பக்கத்திலேயே 190க்கு இறங்கினால் பழுது அதற்கு முன்னால்: மீட்டர், கட்அவுட், சேர்விஸ் வயர், கம்பம். அது மின் விநியோக நிறுவனத்தின் எல்லை. சீல் வைத்த பெட்டி. வேறு யாரும் திறக்கக்கூடாது. வரும் பக்கத்தில் 228 அசையாமல் நிற்க, போகும் பக்கத்தில் மட்டும் இறங்கினால் பழுது மெயின் சுவிட்சுக்குள்ளேயே. அதையும் உறுதிசெய்யலாம். சுமை ஓடும்போது ஒரே முனையின் மேலுக்கும் கீழுக்கும் நடுவே அளந்தால் நல்ல பிரேக்கரில் ஒரு வோல்ட்டில் நூற்றில் சில பங்குதான் காட்டும். அங்கே ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று நின்றால் உள்ளே தொடுகை கெட்டுவிட்டது. லைவ் முனையை மட்டும் பார்த்துவிட்டு நியூட்ரலை விட்டுவிடுவது பரவலான தவறு. இரண்டிலும் ஓடுவது ஒரே ஓட்டம், இரண்டும் ஒரேபோலக் கரியும்.

கரண்டை முழுவதும் நிறுத்திய பிறகு இன்னோர் அளவு. மெகர் என்ற கருவியால் 500 வோல்ட் நேரோட்ட மின்னழுத்தம் கொடுத்து, கம்பிகளுக்கு நடுவேயும் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவேயும் உள்ள காப்புத் தடையைப் பார்ப்பார்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் வயரின் தோல் போய்விட்டது அல்லது ஈரம் ஊறிவிட்டது. வெப்பக் கமெரா இருந்தால் மூடியைத் திறந்தவுடனே எந்த ஸ்குரூ மற்றதைவிடச் சூடு என்று தெரிந்துவிடும். தொழிற்சாலைகளின் பெரிய பேனல்களுக்கு இதைச் செய்கிறார்கள். லயன்களுக்கு யாரும் அதைக் கொண்டுவந்ததாகக் கேள்விப்படவில்லை.

பழுதைக் கண்டபின் திருத்தும் முறையிலும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. கரிந்த ஸ்குரூவை இன்னொரு சுற்று முறுக்கிவிட்டு மூடியைப் போட்டுவிடுவார்கள். கரிந்த செம்பின் மேல் ஒக்சைட் அப்படியே இருக்கிறது. சூட்டில் பதம் இழந்த முனை பழைய இறுக்கத்தைத் தராது. அதிகமாக முறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும், கம்பியின் இழைகள் நறுங்கும். செய்யவேண்டியது இதுதான்: கம்பியைப் பளபளவென்று செம்பு தெரியும் இடம்வரை வெட்டி, தோலை மறுபடி உரித்து, சுட்டுப்போன சுவிட்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்டி, அதைச் செய்த கம்பெனி சொல்லும் அளவுக்கு இறுக்கவேண்டும். வெட்டியபின் கம்பி எட்டவில்லை என்றால் புதுக் கம்பி போடவேண்டும். ஒட்டுப் போட்டு நீட்டுவது பழுதை இரண்டு அங்குலம் தள்ளிவைப்பது மட்டுமே.

லயனில் இந்த வேலை யாருடையது என்பது ஸ்குரூவைவிடச் சிக்கலானது. மீட்டர் வரை மின் விநியோக நிறுவனம். மீட்டருக்கு அப்பால் வீட்டுக்காரர். ஆனால் லயனில் வீட்டுக்காரர் என்று யாரைச் சொல்வது? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் போனது. நிலம் அரசுடையது, கம்பெனிக்குக் குத்தகை. குடியிருப்பவர் பெயரில் பத்திரம் இல்லை. சுவரை இடிக்கவும் அறை கட்டவும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்கவேண்டிய ஒருவர், தன் சம்பளத்தில் லயன் முழுவதற்கும் வயரிங் மாற்றுவார் என்று எதிர்பார்க்க முடியாது. புது இணைப்புக் கேட்கும்போது வயரிங் சோதனை அறிக்கை கேட்கிறார்கள், நல்லது. அதற்குப்பிறகு இருபது வருடம் அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்க்கவேண்டும் என்று கட்டாயம் இல்லாமல் இருக்கிறது. ஒரே கூரை, ஒரு காம்பராவின் பெட்டியில் பிடிக்கும் தீ முகட்டு வழியாகப் பக்கத்துக் காம்பராவுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. மலைப்பாதையில் தீயணைப்பு வண்டி வந்துசேர எடுக்கும் நேரத்தை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

என் கருத்து, கட்டடத்தை வைத்திருப்பவரே ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு லயனின் மெயின் பெட்டியையும் சோதித்து அறிக்கை வைக்கவேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் மோட்டாரைப் பராமரிக்கத் தோட்டங்களில் ஆள் உண்டு. அவரிடம் மெகரும் இருக்கும். கொழுந்து குறைந்த மாதங்களில் ஒரு டிவிசனை ஒரு வாரத்தில் பார்த்து முடித்துவிடலாம். புது வீடு கட்டிக் கொடுக்கும்வரை இதைத் தள்ளிவைக்க நியாயம் இல்லை.

அதுவரைக்கும் உங்கள் வீட்டில் செய்யக்கூடியது: மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் மாற்றுங்கள். காலையில் கேத்தல் கொதிக்கும்போது மெயின் பெட்டிப் பக்கம் ஒரு நிமிடம் நின்று மோந்து பாருங்கள், புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பெட்டி, சுவர், உங்கள் கை எதிலும் ஈரம் இருந்தால் தொடவேண்டாம். பெட்டிக்குக் கீழே துணிக்கொடி, விறகு, பழைய பேப்பர் வைக்கவேண்டாம். வாடையோ சூடோ இருந்தால் சாமான்களை அணைத்து, பெட்டி புகையாமல் இருந்தால் மெயினையும் அணைத்துவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். புகைந்தால் பெட்டியைத் தொடாமல், தண்ணீர் ஊற்றாமல், பக்கத்துக் காம்பராக்களைத் தட்டி எழுப்பிக்கொண்டு வெளியே போங்கள். மின்தடை முறைப்பாட்டுக்கு 1987, தீயணைப்புக்கு 110.